பதினைந்து மார்க்

புதுச்சேரி,
14 ஆகஸ்ட் 1935

அன்புள்ள ஸ்டெல்லாமேரி அக்காவுக்கு, பெர்னதெத் எழுதுவது.

சேசு மரி சூசை காவலில் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். கடலூரில் உன் அம்மாவுக்கு, என் பெரியம்மாவுக்கு, முழங்கால் வலி குறைந்ததாகக் கேள்வி. உன் சுகத்தைக் கேட்கத்தான் இந்த வீட்டில் ஆளில்லை. அதனால் நானே கேட்கிறேன். சென்னைத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா?

இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. எல்லாரும் படுத்த பிறகு திரியைத் தணித்துவைத்து எழுதுகிறேன். அப்பா இருமினால் விளக்கை ஊதிவிடுவேன். எங்கேயாவது பாதி வாக்கியம் நின்றிருந்தால் அதுதான் காரணம்.

போன ஈஸ்டருக்கு நீ வந்தபோது பி.ஏ.வில் ஆங்கிலம் எடுத்திருப்பதாகச் சொன்னாய். அப்பா, "பிரெஞ்சு மண்ணுல பொறந்தவ பெத்த பொண்ணு, இங்கிலீஷ்காரன் பாஷைலயா பட்டம் வாங்கணும்?" என்றார். நீ சும்மா இருந்திருக்கலாம். "எங்க கடலூர்ல இங்கிலீஷ்காரன்தானே ஆளுறான், சித்தப்பா" என்றாய். அவர் பாதிச் சோற்றில் எழுந்துபோனார். அன்று முதல் உன் பெயரை இங்கே யாரும் எடுப்பதில்லை.

அக்கா, எனக்கும் அதே பட்டம் வேண்டும். வகுப்பில் ஆங்கிலத்தில் நான்தான் முதல். ஆனால் அப்பாவோடு முனிசிபல் ஆபீஸில் வேலை பார்க்கும் பிரகாசம் மாமாவின் மகன் அலெக்சாண்டர் சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் வேலையில் இருக்கிறார். அவருக்கு என்னைக் கேட்கிறார்கள். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று பேசி முடிக்க வருகிறார்களாம். அதற்குள் ஒரு கல்லூரி என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னால், அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் நிற்பேன். வெறும் கையோடு நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

பதிலைப் பெரிய மார்க்கெட்டில் பலராமன் மளிகைக் கடை விலாசத்துக்கு எழுது. அவர் என் சிநேகிதி ராஜாம்பாளின் அப்பா.

உன் தங்கை,
பெர்னதெத்


சென்னை,
26 ஆகஸ்ட் 1935

என் செல்லப் பெர்னாவுக்கு,

உன் அக்கா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். விடுதிச் சாம்பாரையே ஜெயித்தவளைச் சென்னைத் தண்ணீர் என்ன செய்யும்? நீ ராத்திரியில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை.

பி.ஏ. ஆங்கிலம் என்றால் என்னவென்று சொல்கிறேன். எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பெண்கள். ஒரே ஒரு நாடகத்தை மூன்று மாதம் படிக்கிறோம். கவிதை வரியில் எந்த அசை அழுந்துகிறது என்று மேசையில் தட்டித் தட்டி எண்ணுகிறோம். வாரம் ஒரு கட்டுரை. இந்த நாட்டு ஆங்கிலேயர்களே மறந்துபோன பழைய ஆங்கிலம்கூட உண்டு. நான் அதில் எல்லாம் புகுந்து விளையாடுகிறேன் என்று வைத்துக்கொள்.

முதலில் இரண்டு வருஷம் இன்டர்மீடியட், பிறகு இரண்டு வருஷம் பி.ஏ. எங்கள் பிரின்சிபல் அம்மா வெள்ளைக்காரர், கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். வேறு முறையில் படித்த பெண்களில் வருஷத்துக்கு இரண்டு பேரை, மார்க்கைப் பார்த்து, வாய்மொழித் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்கிறார். உன் மார்க் சீட்டை அனுப்பு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முத்தங்களுடன்,
ஸ்டெல்லா


புதுச்சேரி,
12 அக்டோபர் 1935

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்குச் சளி, மற்றபடி எல்லாரும் சௌக்கியம். நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வகுப்புக்கு ஓடாதே.

உன் கடிதம் கடையில் மிளகாய் மூட்டை மேல் இருந்ததாம். ராத்திரி பிரித்ததும் மூன்று தும்மல். "யாரு அது?" என்று அப்பா குரல் கொடுத்தார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு செபமாலையைக் கையில் எடுத்துவிட்டேன். "சளி பிடிச்சவ சீக்கிரம் படுக்கக் கூடாதா? நாளைக்கு செபிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொய் சொன்ன பாவம் பாதி உனக்கு.

மார்க் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். ஆங்கிலம் பதினைந்து. கட்டுரை பதினான்கு. சரித்திரம் பதின்மூன்று. கணக்கு மட்டும் பதினொன்று. அதற்கு என்னைத் திட்டாதே. எங்கள் கான்வென்ட் கன்னியாஸ்திரி, நாங்கள் மேர் என்று கூப்பிடுகிறவர், பதினைந்துக்கு மேல் யாருக்கும் போட்டதே இல்லை. என் மார்க்கை அவர் வாசித்தபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது. அப்பா வழக்கம்போல் கீழே கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்தார். எடுத்து இரண்டு தரம் பார்த்ததை நான் கவனித்தேன். ஆங்கிலம் என்று பார்த்தாரோ, பதினைந்து என்று பார்த்தாரோ தெரியாது.

பீரோவில் இருந்து எடுத்துத்தான் அனுப்புகிறேன். ஜனவரியில் பிரகாசம் மாமா வீட்டாருக்குக் காட்ட அப்பா அதைத் தேடுவார். அதற்குள் திருப்பி அனுப்பிவிடு, மறக்காதே.

அன்புத் தங்கை,
பெர்னதெத்


புதுச்சேரி,
9 நவம்பர் 1935

அக்கா,

நாங்கள் சுகம். நீ சுகமா? உண்மையாகவே கேட்கிறேன், உடம்புக்கு ஏதும் இல்லையே?

கடிதம் போட்டு நாலு வாரம் ஆகிறது. கடையில் தினமும் விசாரிக்கிறோம். "உங்கக்கா கடுதாசி வந்தா நானே தும்மிச் சொல்றேன், போ" என்று ராஜாம்பாள் அப்பா விரட்டுகிறார்.

அலெக்சாண்டரின் போட்டோ வந்திருக்கிறது. வெள்ளை உடுப்பு, கையில் தொப்பி. முகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் எந்தப் பாடத்தில் முதல் என்று யாரும் சொல்லவில்லை.

பெர்னதெத்


சென்னை,
21 நவம்பர் 1935

அன்புள்ள பெர்னாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். சித்தியின் சளி போனதா?

கல்லூரியில் நாடகம் போடுகிறோம். எனக்கு ஒரு கிழவி வேஷம். சென்னையிலும் நல்ல மழை.

நான் யோசித்தேன். படிப்பு ஒன்றுதான் வழி என்று நான் எழுதியது அவசரத்தில் எழுதியது. ஒவ்வொருவருக்கும் ஆண்டவர் ஒரு வரம் கொடுத்திருக்கிறார். நீ எவ்வளவு அழகாகத் தைப்பாய்! சைகோன் மிக நல்ல ஊர் என்று இங்கே ஒரு பெண் சொன்னாள். அகலமான தெருக்களாம், இரண்டு பக்கமும் மரங்களாம். சித்தப்பா உனக்குக் கெடுதல் நினைக்கமாட்டார்.

மனசைத் தளரவிடாதே. உன்னை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஸ்டெல்லா


புதுச்சேரி,
28 நவம்பர் 1935

ஸ்டெல்லாமேரி அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். அம்மாவின் சளி போய் மூன்று வாரம் ஆகிறது.

உன் கடிதத்தை ஏழு தரம் படித்தேன். அதில் மரம் இருக்கிறது, தெரு இருக்கிறது, கிழவி வேஷம் இருக்கிறது. நான் அனுப்பிய மார்க் சீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. பிரின்சிபல் அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் தையலை நீ பார்த்ததே இல்லை.

அப்பா உனக்கு எழுதினாரா? மிரட்டினாரா? அப்படியென்றால் சொல், தாங்கிக்கொள்வேன். ராஜாம்பாளிடம் படித்துக் காட்டினேன். "உங்க அக்காவுக்குப் பொறாமைடீ. நீ போனா அவளைத் தாண்டிடுவேன்னு பயந்துட்டா" என்கிறாள். நான் அவளோடு சண்டை போட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து எட்டாம் தரம் படித்தேன்.

நேற்று அப்பா, "ஜனவரிக்கு மார்க் சீட்டை எடுத்து வை. பிரகாசத்துக்குக் காட்டணும்" என்றார். சரி என்றேன். பீரோவுக்குள் அது இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அதையாவது திருப்பி அனுப்பு. அவர்கள் வரும் நாளில் நான் சரி என்றே சொல்லிவிடுகிறேன். உனக்கும் அதுதான் வேண்டும்போல் இருக்கிறது.

பெர்னதெத்


சென்னை,
5 டிசம்பர் 1935

என் கண்ணே பெர்னா,

உன் கடிதம் வந்த நாள் முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ சாப்பிடுகிறாயா?

சித்தப்பா எழுதவில்லை. பொறாமையும் இல்லை. உன்னை நோகடிக்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது என் குட்டையும் உடைக்கிறேன். புகுந்து விளையாடுகிறேன் என்று எழுதினேனே, பொய். போன வருஷக் கடைசித் தேர்வில் எனக்கு ஆங்கிலத்தில் நாற்பத்தேழு. அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. மேசையில் தட்டி அசை எண்ணும்போது எனக்கு எப்போதும் ஒன்று கூடவோ குறையவோதான் வரும். முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து விளக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நாற்பத்தேழு வாங்கியே நான் இரண்டு நாள் அழுதேன். அப்படியிருக்க, உன் பதினைந்தைப் பற்றி என்னவென்று எழுதுவேன்? மார்க் மனுஷியை அளக்காது, கண்ணே. வருத்தப்படாதே.

எப்போதும் உன்,
ஸ்டெல்லா


புதுச்சேரி,
9 டிசம்பர் 1935

அக்கா!

சுகமெல்லாம் பிறகு கேட்கிறேன்.

நாற்பத்தேழு எப்படி வாங்க முடியும்? எங்கள் ஊரில் இருபதுக்கு மேல் மார்க்கே கிடையாது!

இருபதுக்குத்தான் அக்கா! பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பாடத்துக்கும் இருபது. நான் வாங்கியது இருபதுக்குப் பதினைந்து. பத்து வாங்கினால் பாஸ். பன்னிரண்டு வாங்கினால் வீட்டில் பாயசம். இருபது ஆண்டவருக்கு, பத்தொன்பது தனக்கு, பதினெட்டு முதல் மற்றவர்களுக்கு என்று எங்கள் மேர் சொல்வார். ஆனால் பதினாறைக்கூட யாருக்கும் போட்டதில்லை.

நீ நூற்றுக்கு என்று நினைத்துக்கொண்டா இரண்டு மாதம் என்னை அழவைத்தாய்? நூற்றுக்குப் பதினைந்து வாங்கியவள் வகுப்பிலே முதல் என்று பெருமையாக எழுதுவாளா? எனக்குப் பைத்தியம் என்று நினைத்தாயா?

ராஜாம்பாளிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பருப்பு மூட்டை சரிந்தது.

பிரின்சிபல் அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை அல்லவா? உடனே காட்டு. சீக்கிரம், அக்கா.

உன் பெர்னா

நீ முன்பின் பார்க்காத பக்கம் என்கிறாயே, எங்களுக்கு அதுதான் தினப்படி வேலை. ஒரு பத்தியை மேர் ஒரு மணி நேரம் பிழிவார். லீவில் சொல்லித் தருகிறேன்.


சென்னை,
14 டிசம்பர் 1935

பெர்னா,

என் உடம்பைப் பற்றிக் கேட்காதே, நான் சுகத்துக்குத் தகுதியில்லாதவள்.

காட்டிவிட்டேன். அக்டோபரிலேயே. அந்தச் சீட்டில் எங்கும் இருபது என்று அச்சடித்திருக்கவில்லை. பிரின்சிபல் அம்மா பார்த்தார், என்னையும் பார்த்தார், சிவப்பு மையால் குறுக்கே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால்தான் அதை உனக்குத் திருப்பி அனுப்பக் கை வரவில்லை.

நேற்று ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இதை நீ சொன்னால் போதாது. அந்தப் பெண்ணின் பள்ளியோ தகப்பனாரோ எழுதிக் கேட்கட்டும். ஜனவரி இருபதுக்குள் வரவேண்டும்" என்றார்.

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். சிவப்பு வரி சரியாகச் சித்தப்பாவின் கையெழுத்தின் மேலே ஓடுகிறது.  பள்ளியில் கேட்டால் மேர் சித்தப்பாவுக்கு ஆள் அனுப்புவார். ஆகவே எப்படிப் பார்த்தாலும் அவருக்குத் தெரிந்துதான் தீரும். நான் கிறிஸ்துமஸுக்கு வந்து பழியை ஏற்றுக்கொள்ளட்டுமா?

பாவி அக்கா,
ஸ்டெல்லா


புதுச்சேரி,
8 ஜனவரி 1936

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். எல்லாரும் நல்ல சுகம். நீ வராமல் இருந்தது நல்லதாயிற்று.

கிறிஸ்துமஸ் பூசையில் எனக்கு ஒரு பாட்டும் காதில் விழவில்லை. தினமும் சொல்லிவிடலாம் என்று அப்பாவின் நாற்காலி வரை போவேன். போய், "காப்பி வேணுமாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். பத்து நாளில் அவர் குடித்த காப்பிக்கு அளவே இல்லை. வாய் வராமலே திருநாள் வந்துவிட்டது.

பிரகாசம் மாமாவும் அத்தையும் கேக் சாப்பிட்டு முடித்ததும் அப்பா, "அந்த மார்க் சீட்டை எடுத்தா" என்றார். எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். 

அப்பா விரித்தார். சிவப்பு வரியைப் பார்த்தார். அது தன் கையெழுத்தின் மேலே இருப்பதையும் பார்த்தார். உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு ஆங்கிலம் வராது.

"இதென்னா?"

"மெட்ராஸ்ல ஒரு காலேஜ் பிரின்சிபல் எழுதினதுப்பா."

"என்னா எழுதியிருக்கு? படி."

படித்தேன். சொல் சொல்லாகத் தமிழில் சொன்னேன். "இந்தப் பெண் ஆங்கிலத்தில் நூற்றுக்குப் பதினைந்தே வாங்கியிருக்கிறாள். கல்லூரிப் படிப்புக்குத் தகுதியற்றவள்."

 அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா என் பக்கம் திரும்பி, "நூத்துக்கா?" என்றார். குரல் தணிந்திருந்தது. அதுதான் பயம். அந்த நேரம் பிரகாசம் மாமா சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"வுடு பிரான்சுவா. பதினஞ்சா இருந்தா என்னா, அஞ்சா இருந்தா என்னா? சைகோன்ல மீன் கொழம்பு வைக்க மார்க்கா கேக்கப் போறாங்க?"

அக்கா, அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னா இருந்தா என்னாவா? பதினஞ்சுய்யா! நான் படிச்ச காலத்துல பதிமூணைத் தாண்டினதில்ல. உம் மகன் எவ்ளோ வாங்கினான்?"

"அது... பாஸ் பண்ணிட்டான்."

"எவ்ளோன்னு கேட்டேன்."

"பத்து," என்றாள் அத்தை. மாமா அவளை முறைத்தார்.

"பத்து!" என்றார் அப்பா. பிறகு சீட்டைத் தூக்கிப் பிடித்து, "பிரெஞ்சு சர்க்கார் பள்ளிக்கூடம் மாதிரி கண்டிப்பா மார்க் போட்ட கான்வென்ட்டு. எங் கையெழுத்து மேல கோடு இழுத்து, என் பொண்ணு தகுதியில்லாதவளாம்! இருபதைத் தெரியாதவ பிரின்சிபலு!" என்றார்.

அவர்கள் இன்னொரு நாள் வருகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் எனக்கு விசாரணை. எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, மிளகாய், செபமாலை, எல்லாம்.

"பலராமனுக்கும் தெரியுமா?"

"தெரியும்பா."

"மார்க்கெட்டுக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."  பிறகு, "இங்கிலீஷ்தான் வேணுமா? பிரெஞ்சுல படிச்சா ஆவாதா?" என்று கேட்டார். கோபமாக இல்லை, கெஞ்சுவது மாதிரி.

 "அந்த வரியை நான் படிச்சு சொன்னேனேப்பா. இன்னொரு தரம் யாராவது நம்மளைப் பத்தி எழுதினா அதுக்கு அதே பாஷைல பதில் எழுதத் தெரியணும்" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்பா பேனாவை எடுத்தார்.

நாலு பக்கம், ஆபீஸில் பிறப்புப் பதிவேட்டில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், பிரெஞ்சில், உன் பிரின்சிபலுக்கு எழுதியிருக்கிறார். மார்க் சீட்டோடு சேர்த்து அதையும் இதில் வைத்திருக்கிறேன். "நூற்றுக்கு எழுபத்தைந்து என்று மாற்றிப் போட்டுவிடுங்கள், சுலபம்" என்று சொல்லிப் பார்த்தேன். "மாத்த மாட்டேன். எங்க பதினஞ்சு பதினஞ்சுதான். அவங்க கத்துக்கட்டும்" என்கிறார்.

கல்யாணப் பேச்சு முடிந்துவிடவில்லை. அலெக்சாண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான் லீவு. இந்த வருஷ லீவு போகட்டும், அதற்கு அடுத்த லீவுக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். நான் கணக்குப் போட்டேன். அப்போது நான் பி.ஏ.வில் இருப்பேன்.

இது பகலில், சாப்பாட்டு மேசையில் எழுதியது. என் எழுத்து இவ்வளவு பெரிது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

உன்,
பெர்னதெத்


சென்னை,
23 ஜனவரி 1936

என் பெர்னாவுக்கும் சித்தப்பா சித்திக்கும்,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் இரண்டு வேளையும் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

கடிதத்தைப் பிரின்சிபல் அம்மா, சின்ன வயதில் கற்ற பிரெஞ்சை வைத்துக்கொண்டு, நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலாம் பக்கம் முடிந்ததும், "இப்படி ஒரு கண்டனத்தை வாங்கி ரொம்ப நாளாயிற்று" என்றார். மார்க் சீட்டை வாங்கி, தான் எழுதிய வரியைத் தானே அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். பென்சிலால் ஓரத்தில் 75 என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து அதையும் அழித்துவிட்டார்.

மே மாதம் பதினோராம் தேதி வாய்மொழித் தேர்வு. முன்பின் பார்க்காத ஒரு பக்கம் கொடுத்து விளக்கச் சொல்வார். நீ ஒரு மணி நேரம் பிழிந்துவிடாதே, அவருக்கு வேறு வேலை உண்டு.

உங்கள்,
ஸ்டெல்லாமேரி


புதுச்சேரி,
2 பிப்ரவரி 1936

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் சுகம். இனிமேல் வீட்டு விலாசத்துக்கே எழுது. தும்மி எனக்குச் சலித்துவிட்டது.

மே பதினொன்று என்று அப்பா காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். கூட வருவாராம். மேர் எனக்குத் தினம் ஒரு பக்கம் தருகிறார். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இது விளக்கை ஊதிவிடுகிற பயம் இல்லை. நான் சேருவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா கீழே இரண்டு வரி எழுத வேண்டுமாம்.

பெர்னதெத்

ஸ்டெல்லாமேரிக்கு, சித்தப்பா பிரான்சுவா எழுதுவது. ஈஸ்டருக்கு வந்து, அன்றைக்குப் பாதியில் விட்ட சாப்பாட்டை முடித்துவிட்டுப் போ. உன் நாற்பத்தேழை ஐந்தால் வகுத்துப் பார்த்தேன். எங்கள் கணக்கில் அது ஒன்பதும் சொச்சமும். இங்கே பாஸ் இல்லை. புத்தகங்களையும் எடுத்து வா. பெர்னதெத் சொல்லித் தருவாள்.